விற்றவர் தந்த பரிசோதனைத் தாள் போதுமா?

ஒன்ராறியோவில் சோள வயல்களை அடுத்து, குழாய்க்கிணறு உள்ள வீடொன்றை வாங்கியிருப்பதாகவும், நீர் தெளிவாக இருப்பதோடு விற்றவர் தந்த தாளிலும் கிருமி இல்லை என்றே இருப்பதாகவும், இதற்குமேல் ஏதும் செய்ய வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள், தம்பி. நான்கு மாதக் குழந்தை இருப்பதாகவும் எழுதியிருந்ததால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தத் தாள் பெரும்பாலும் கோலிஃபார்ம், ஈ.கோலை என்னும் பற்றீரியாக்களை மட்டுமே பார்த்திருக்கும். மாகாணப் பொதுச் சுகாதார ஆய்வுகூடம் வீட்டுக் கிணறுகளுக்கு இலவசமாகச் செய்வதும் அதைத்தான். உரமிடும் வயலுக்கு அருகில் இருப்பவர் முதலில் அறிய வேண்டியது, உரத்திலிருந்து நிலத்தடி நீருக்குள் கசியும் நைத்திரேற்று என்னும் உப்பின் அளவு. நிறமோ மணமோ சுவையோ இல்லாத இது, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். கனடிய வரம்பு லீற்றருக்கு 45 மில்லிகிராம். நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிடும் ஆய்வுகூடங்கள் அதையே 10 என்று எழுதும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நம்மவர் பலர் நம்புகிறார்கள். ஆனால் நீர் ஆவியாகக் குறையக் குறைய எஞ்சிய நீரில் நைத்திரேற்று செறிவாகும். உரிமம் பெற்ற தனியார் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்தி இதையும் ஈயம், ஆர்செனிக் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை பால்மா கரைக்கப் போத்தல் நீரையே பயன்படுத்துங்கள்.

கிருமிப் பரிசோதனையையும் நீங்களே புதிதாகச் செய்ய வேண்டும். ஆய்வுகூடப் போத்தலுக்குள் இருக்கும் சிறிதளவு வெண்பொடி குளோரினை முறிப்பதற்கானது; அழுக்கென்று எண்ணி நான் முதல் தடவை கழுவிவிட்டேன், அதனால் வேறு போத்தல் வாங்க வேண்டியதாயிற்று. குழாய் நுனியிலுள்ள வலையைக் கழற்றி, வாயைக் கிருமிநீக்கி, குளிர்நீரைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பின் பிடித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் சேர்ப்பியுங்கள். ஒரு முடிவை மட்டும் நம்பாமல், ஓரிரு வார இடைவெளியில் மூன்று முறை பாருங்கள்.

கனமழைக்கும் பனி உருகலுக்கும் பின்னர் பார்ப்பது மிக முக்கியம். இதே மாகாணத்தின் வோக்கர்ட்டன் நகரில் 2000 மே மாதம் பெருமழையோடு மாட்டெருவின் கிருமி ஊர்க்கிணற்றில் கலந்து ஏழு பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். எங்கள் கிணற்றிலும் குளிர்காலம் முழுவதும் நன்றாக இருந்த முடிவு, ஏப்ரலில் கோலிஃபார்மோடு வந்தது. மூடியைத் திறந்தபோது ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதன் அடியில் காய்ந்த பூச்சிகள் ஒட்டியிருந்தன. மூடியை மாற்றி, கிணற்றுக்குக் குளோரினிட்டு, மறுபடி மூன்று தடவை பார்த்த பிறகுதான் குடித்தோம்.

ஆகவே மாதிரி எடுக்கும் அன்றே மூடியையும், கழிவுத் தொட்டி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் நேரில் பாருங்கள். நைத்திரேற்று முடிவு வந்ததும் எண்ணையும் அலகையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு வடிகட்டி பற்றிச் சொல்கிறேன்.