பிள்ளைக்கு டெஸ்ட் எடுக்கும் முன்

கே: மகளுக்கு ஏழு வயது. புதிதாக முளைத்த முன்பற்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். ரத்தம், மூத்திரம், முடி எல்லாம் எடுத்து உடம்பில் என்னென்ன கெமிக்கல் இருக்கிறது என்று ‘ஃபுல் பேக்கேஜ்’ பார்த்துவிடலாம் என்கிறார்கள். பார்க்கலாமா?
– ஒரு வாசகி, பென்னாகரம்

ப: வேண்டாம், அந்தப் பணத்தைக் கையில் வையுங்கள். தர்மபுரிப் பக்கம் பல்லில் கோடு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது போர் தண்ணீரில் கரைந்திருக்கிற ஃப்ளோரைடு என்ற உப்பை (எல்லா வெள்ளைக் கோடும் அதனால் வருவதில்லை, பல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்). இப்போது முளைத்திருக்கிற பல்லின் எனாமல் (பல்லின் வெளிப்பூச்சு), அவள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து மூன்று நாலு வயது வரைக்கும் ஈறுக்குள்ளேயே உருவானது, அதனால் அந்தக் கோடு அவள் அப்போது குடித்த தண்ணீரைப் பற்றித்தான் சொல்கிறது, இன்றைக்கு எடுக்கிற ரத்தத்தில் அது தெரியாது. முடி டெஸ்ட்டை விட்டுத்தள்ளுங்கள். வெளியே ஒட்டின புழுதி எது, உடம்புக்குள்ளிருந்து வந்தது எது என்று பிரிப்பதே கஷ்டம்.

டெஸ்ட் எடுக்க வேண்டியது தண்ணீரை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-லேயே வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது, சரி, ஆனால் குடிக்க மட்டும் குழாய்த் தண்ணீர், சோறு பொங்கவும் களி கிண்டவும் போர் தண்ணீர் என்று வைத்திருக்கிற வீடு உங்களுடையதா? குழாய் வராத நாளில் எதைக் குடிக்கிறாள்? சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை, இதுதான் நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவு. கோடையில் ஒரு தடவை, மழைக்கப்புறம் ஒரு தடவை கொடுத்தால் நல்லது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தண்ணீர் சுண்டச் சுண்ட ஃப்ளோரைடு கூடத்தான் செய்யும். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்காகத்தான் அவசரப்பட வேண்டும், நிலைப்பற்களின் எனாமல் எட்டு வயது வரை உருவாகிக்கொண்டிருக்கும்.

கே: நானும் வீட்டுக்காரரும் ரோஜா பசுமைக்குடிலில் வேலை செய்கிறோம். மருந்து அடித்த அன்று பையனைத் தூக்கவே பயமாக இருக்கிறது. மூத்திர டெஸ்ட்டில் தெரியுமா?
– ஒரு வாசகி, ஓசூர்

ப: தெரியும், ஆனால் பெரிய உபயோகமில்லை. ஆர்கனோபாஸ்பேட் என்கிற வகைப் பூச்சிமருந்துகள் உடைந்து ஓரிரு நாளிலேயே பெரும்பாலும் மூத்திரத்தில் போய்விடும், திங்கட்கிழமை கொடுத்தால் சனி ஞாயிறு கதைதான் கிடைக்கும். அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரே பிள்ளையிடம் திரும்பத் திரும்ப மாதிரி எடுக்கிறார்கள், சிலிக்கான் வளையத்தைக் கையில் மாட்டி ஒரு வாரம் கழித்து அதில் என்னென்ன படிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதெல்லாம் நம் ஊர் லேப்பில் கேட்டு வாங்குகிற விஷயமில்லை.

உங்கள் பயம் நியாயமானது. மருந்து உங்கள் துணியோடுதான் வீட்டுக்கு வருகிறது, நாலு வயதுப் பிள்ளை தரையில் உருண்டு அதே கையை வாயில் வைக்கும். வேலைத் துணியை வாசலுக்கு வெளியிலேயே மாற்றி, தனி பக்கெட்டில் துவைத்து, குளித்துவிட்டுத் தூக்குங்கள். காலி மருந்து டப்பாவைக் கழுவி எதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள், இதை எத்தனை முறை எழுதினாலும் ஊரில் நடப்பது வேறு. பையனுக்கு எச்சில் ஒழுகி, வாந்தி வந்து, வியர்த்து, கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கினால் டெஸ்ட்டை யோசிக்காமல் டப்பா லேபிளோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கே: அப்போ எந்த டெஸ்ட்தான் எடுக்கலாம்? பழைய வீட்டில் பெயின்ட் உரிகிறது, பேத்தி அதை எடுத்துத் தின்கிறாள்.
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

ப: இதற்கு எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ரத்தத்தில் காரீய (லெட்) அளவு என்று கேளுங்கள், கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தமாக இருக்கட்டும். டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், அதற்குக் கீழே இருந்தாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பெயின்டில் காரீயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற கட்டுப்பாடு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, உங்கள் சுவர் அதற்கு முந்தியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள், அன்றைக்குக் குழந்தை அந்த வீட்டிலேயே வேண்டாம். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்து குறைந்த பிள்ளையின் குடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், கண்டதையும் எடுத்துத் தின்கிற பழக்கமும் பல நேரம் அந்தக் குறைவால் வருவதுதான்.