கிளிநொச்சியின் பழைய ஸ்டேசனுக்கு என்ன நடந்தது?

கிளிநொச்சி புகையிரத நிலையம் புத்தம் புதுசாக இருக்கிறதே, முன்பு அங்கே ரயில் ஓடியதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடியது. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரைக்குமான பாதை 1905லேயே முழுதாகத் திறந்துவிட்டது. அப்போது கிளிநொச்சி பெரும்பாலும் காடுதான். இரணைமடுக் குளம் கட்டி, 1930களில் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கிய பிறகுதான் யாழ்ப்பாணத்துச் சனம் வயல் செய்ய வரத் தொடங்கியது. எங்கள் அப்பப்பா 1950களில் ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கியது அந்த ஸ்டேசனில்தான். அவர் கடைசிவரை ரயில் என்று சொன்னதில்லை, கோச்சிதான். 1956ல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியதை ஊருக்கே கலியாணம் வந்த மாதிரிச் சொல்லுவார்.

1985 ஜனவரியில் முறிகண்டிப் பக்கம் யாழ்தேவிக்குக் குண்டு வைத்தார்கள், நிறையப் பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் இழுபட்டு ஓடிய சேவை 1990 ஜூனில் போரால் நின்றே போனது.

சரி, பாதை எங்கே போனது? பங்கருக்குப் போனது. தண்டவாளமும் அதற்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டையும் காப்பரண்களுக்கு மூடியானதை வன்னியில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். எங்கள் வளவிலும் நாலு சிலிப்பர் கட்டை போட்டு, மேலே மண்மூட்டை அடுக்கிய ஒரு பங்கர் இருந்தது. கிபிர் போர்விமானம் இரையும்போது உள்ளே படுத்துக்கொண்டு அந்தக் கட்டைகளில் ஆணி போயிருந்த ஓட்டைகளைத்தான் எண்ணுவேன், ரயில் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. 1996லும் 1998லும் 2009லும் நகரம் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையே கைமாறியது, ஸ்டேசன் கட்டடமும் அந்தச் சண்டைகளில் சிதைந்துபோனது.

இப்போதுள்ள பாதை இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் போட்டது, கொங்கிரீட் சிலிப்பர். 2013 செப்டம்பர் 14 அன்று கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தது, 23 வருடத்துக்குப் பிறகு. அப்பப்பா அதைப் பார்க்க இல்லை. அப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ரயிலைக் கொஞ்ச நேரந்தான் பார்த்தார், பிறகு மேடையில் நின்று பழைய டிக்கெட் கொடுக்கிற யன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று தேடிக்கொண்டே இருந்தார்.

1990க்கு முந்திய ஸ்டேசன் படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கீழே போடுங்கள். எங்களிடம் இருந்த ஒரேயொரு படமும் கடைசி இடப்பெயர்வில் போய்விட்டது.