அரசு ஆராய்ச்சி நிதியைக் குறைத்தால் என்னதான் ஆகிவிடும்? பிறகு கொடுத்தால் சரியாகிவிடாதா?

கேள்வியின் இரண்டாவது பாதிக்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். போன வருடம் ஊரிலிருந்து மாமாவும் போனில் இதையேதான் கேட்டார். "கட்டடம் அங்கேயேதான் இருக்கு, மிஷினும் இருக்கு. பணம் வந்ததும் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதானே மாப்ள?"

நான் அமெரிக்காவில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் லேப் மேனேஜர். விஞ்ஞானி இல்லை. ஆர்டர் போடுவது, கணக்குப் பார்ப்பது, எலிகளைக் கவனிப்பது என் வேலை. வயதாக ஆக இதயத் தசை ஏன் விறைத்துப்போகிறது என்பதுதான் எங்கள் லேபில் நடக்கும் ஆராய்ச்சி. அதற்கான பணம் என்ஐஎச் என்ற அரசு அமைப்பிடமிருந்து வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 4,800 கோடி டாலர் புழங்கும் இடம் அது. அதில் 80 சதவீதத்துக்கு மேல் வெளியே உள்ள பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும்தான் போகிறது.

2025-ல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 7-ஆம் தேதி, மானியத்தோடு சேர்த்துத் தரும் மேல்செலவுத் தொகை இனி 15 சதவீதம்தான் என்று அறிவித்தார்கள். 100 டாலர் ஆய்வுக்குக் கொடுத்தால் கட்டடம், மின்சாரம், விலங்குகளுக்கான நெறிக்குழு, ரசாயனக் கழிவு அகற்றுவது ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு தொகை சேர்த்துத் தருவார்கள். ஹார்வர்டுக்கு அது 69 சதவீதமாக இருந்தது. 100 டாலருக்குள்ளிருந்தே 69-ஐப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்கிறது என்று நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது தப்பு; 100-க்கு மேலே தருவதுதான் அது. அந்த அறிவிப்பை நீதிமன்றம் தடுத்துவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த பல மானியங்கள் பாதியில் ரத்தாயின. அடுத்த ஆண்டு என்ஐஎச் பட்ஜெட்டில் ஏறக்குறைய 40 சதவீதத்தை வெட்ட வேண்டும் என்று வெள்ளை மாளிகை முன்மொழிந்தது.

எங்கள் லேப் ரத்துப் பட்டியலில் இல்லை. ஏப்ரலில் வரவேண்டிய வருடாந்தரத் தவணை செப்டம்பரில் வந்தது. எங்களுக்கு நேர்ந்தது அவ்வளவுதான். ஐந்து மாதத் தாமதம்.

அந்த ஐந்து மாதத்தில் என்ன ஆனது? எங்களிடம் 220 எலிக் கூண்டுகள் இருந்தன. ஒவ்வொரு கூண்டுக்கும் நாள் வாடகை ஒரு டாலர் சொச்சம். பல்கலைக்கழகம் இடையில் கொஞ்சம் கைகொடுத்தது, அது சம்பளத்துக்கே சரியாகப் போனது. ஜூன் மாதம் ஒரு நாள் மதியம் எங்கள் பேராசிரியர் கூண்டுப் பட்டியலை மேசைமேல் விரித்துப்போட்டு, எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று கேட்டார். சிவப்புப் பேனாவை அவர் தொடவே இல்லை. என்னிடம் நீட்டினார்.

இள எலிகள் விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது. விதைநெல் எடுத்து வைப்பதுபோல விந்தணுவை உறையவைத்துவிடலாம். அந்த மரபணு வகை அழிந்துபோகாது. கிழட்டு எலிகளை என்ன செய்வது? 24 மாத எலி என்றால் கிட்டத்தட்ட எழுபது வயது மனிதருக்குச் சமம். எங்கள் சோதனைக்கு வேண்டியது அந்த வயது எலிதான். அன்றைக்கு எங்கள் கையில் இருந்தவற்றுக்கு 19, 20 மாதம். சாதாரண கிழட்டு எலிகள் விலைக்குக் கிடைக்கும், ஆனால் மரபணு மாற்றிய எங்கள் வகை எங்கேயும் விற்பனைக்கு இல்லை. 20 மாதம் தீனி போட்டு, தண்ணீர் பார்த்து, சண்டை போட்டதைப் பிரித்து வைத்து வளர்த்தவை. இன்னும் நான்கு மாதத்துக்கு வாடகை கட்ட வழியில்லாமல் பாதிக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு அறைக்குப் போயின. கூண்டில் செருகியிருந்த அட்டைகளைக் கழற்றி அடுக்கினேன். பிறந்த தேதியெல்லாம் என் கையெழுத்து.

எலியே இப்படி என்றால் மனிதர்களை வைத்துச் செய்யும் நெடுங்கால ஆய்வுகளை நினைத்துப்பாருங்கள். 1991-ல் தொடங்கிய பெண்கள் உடல்நல ஆய்வில் 1,61,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுப்பதன் ஆபத்தை 2002-ல் சொல்லி மருத்துவர்களின் பழக்கத்தையே மாற்றிய ஆய்வு அது. 2025 ஏப்ரலில் அதன் மண்டல மையங்களுக்கான ஒப்பந்தங்களை முடிப்பதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். முப்பது வருடமாகத் தொடர்ந்து பார்த்துவந்தவர்களை நடுவில் விட்டுவிட்டால், புதிதாக முப்பது வருடம் யாரிடம் போய் வாங்குவது?

அப்புறம் ஆட்கள். எலிக்கு எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கும் பெண் ஒருவர் எங்களிடம் இருந்தார். எலியின் இதயம் நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் துடிக்கும். மயக்க மருந்து துளி கூடினாலும் துடிப்பு இறங்கிவிடும், எடுத்த அளவு குப்பை. அந்தக் கை பழக ஒரு வருடம் ஆகும். அவர் எச்1பி விசாவில் இருந்தவர். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அவர் காத்திருக்கவில்லை. ஒரு மருந்துக் கம்பெனியில் முற்றிலும் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"தனியார் கம்பெனிகள் செய்யட்டுமே" என்று அடுத்த கேள்வி வரும். செய்வார்கள், விற்கலாம் என்று தெரிந்தபிறகு. இப்போது சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் போடும் ஊசிகளின் குடும்பத்தில் முதலில் சந்தைக்கு வந்தது எக்ஸெனடைட், 2005-ல். அதற்கு ஆதாரம் கிலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் விஷம். அந்தப் பொருளை 1990-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்த ஜான் எங், நியூயார்க்கில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். பல்லி விஷத்தைச் சோதிக்கப் பணம் கொடுங்கள் என்று எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்க முடியும்? 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற 210 புதிய மருந்துகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஒன்றுவிடாமல் அத்தனைக்கும் பின்னால் என்ஐஎச் பணத்தில் நடந்த அடிப்படை ஆராய்ச்சி இருந்தது.

வீண்செலவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது, கணக்குப் பார்க்கும் எனக்குத் தெரியும். 1998-க்கும் 2003-க்கும் இடையில் என்ஐஎச் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினார்கள். அதை நம்பிக் கட்டடமும் ஆட்களும் பெருகினபின் வளர்ச்சி சட்டென்று நின்றது, அதுவும் நிறையப் பேரைத் தெருவில் விட்டது. வருடாவருடம் கொஞ்சமாகக் கொடுத்தாலும் சொன்ன தேதியில் கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

சரி, செப்டம்பரில் பணம் வந்தது. உறையவைத்த விந்திலிருந்து புதுக் குட்டிகளை எடுத்தோம். முதல் ஈற்று டிசம்பரில். அட்டையில் தேதி எழுதிச் செருகிவிட்டு அன்று இரவு மாமாவிடம் சொன்னேன், இவற்றுக்கு 24 மாதம் ஆக 2027 டிசம்பர் வரவேண்டும் என்று.

"உங்க மானியம் எது வரைக்கும்?" என்றார்.

2027 மார்ச் வரை.