பிட்ச் கூட்டினால் வேகம் கூடுமா?

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "20 அடி ஃபைபர் ஸ்பீடு போட் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 115 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு, கியர் விகிதம் 2.15, அலுமினியப் புரொப்பல்லர், 19 பிட்ச். த்ராட்டிலை முழுசாகத் தள்ளினாலும் 4800 ஆர்.பி.எம். தாண்டுவதில்லை. ஜி.பி.எஸ். 28 நாட் (மணிக்கு 28 கடல் மைல்) காட்டுகிறது. 24 நாட் தாண்டினால் அணியம் (படகின் முன்முனை) தூக்கித் தூக்கி அடிக்கிறது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுக்கிறது. 21 பிட்ச் ஸ்டீல் புரொப்பல்லர் போடலாமா, இல்லை 150 எச்.பி. மோட்டாருக்கே மாறிவிடலாமா?"

இரண்டும் வேண்டாம். பிட்ச்சை, அதாவது புரொப்பல்லர் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கை, கூட்டாமல் குறையுங்கள், 17 போடுங்கள்.

பிட்ச் கூடினால் ஒரு சுற்றுக்குப் படகு அதிக தூரம் போகும், ஆகவே வேகமும் கூடும் என்பது பலரும் போடும் கணக்கு. அந்தச் சுற்றுகளைச் சுற்ற மோட்டாருக்குத் தெம்பு இருந்தால்தான் அது பலிக்கும். இந்த அளவு ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் பெரும்பாலும் முழுத் த்ராட்டிலில் 5000 முதல் 6000 ஆர்.பி.எம். வரை ஓட வேண்டியவை (உங்கள் மோட்டாருக்கான சரியான எல்லை கையேட்டில் இருக்கும், ஒருமுறை பாருங்கள்). 4800-இல் நின்றுவிடுகிறது என்றால் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் டாப் கியரிலேயே பைக்கை ஏற்றுகிற கதைதான். 115 எச்.பி. என்று எழுதியிருக்கும் சக்தி முழுசாக வெளியே வருவதேயில்லை. அப்படியே நாள் கணக்கில் ஓட்டினால் மோட்டாருக்கும் கேடு: சுற்று குறைவு, பாரம் அதிகம், சூடும் கரியும் சேரும்.

நீங்கள் தந்த எண்களையே வைத்துப் பார்க்கலாம். ஆர்.பி.எம்.மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, அதை 1215-ஆல் வகுத்தால் நழுவல் துளியும் இல்லாத வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 4800-ஐ 19-ஆல் பெருக்கி இப்படி வகுத்தால் சுமார் 35 நாட். கிடைப்பது 28. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரில் நழுவிப் போகிறது. நன்றாக அமைந்த இந்த வகைப் படகில் நழுவல் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும். 17-க்கு வந்தால் 5100-ஐத் தாண்டுவீர்கள். கீழே சொல்லும் வேலைகளையும் முடித்து 5400-ஐத் தொட்டு, நழுவலும் 14 சதவீதத்துக்கு இறங்கினால் 30 நாட் வரும். பிட்ச்சைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறோம்!

ஸ்டீல் வாங்கலாம், தப்பில்லை. அதன் இலைகள் மெலிதானவை, பாரத்தில் வளையாது. ஆனால் 17 பிட்ச்சில் வாங்குங்கள். அதற்கு முன் இப்போதிருக்கும் புரொப்பல்லரைக் கழற்றி இலை விளிம்புகளைப் பாருங்கள். பாறையிலோ மணலிலோ உரசி மடங்கியிருந்தால், மேலே போட்ட கணக்கில் ஒரு பகுதி நழுவல் அங்கிருந்தே வந்திருக்கும்.

அடுத்தது மோட்டாரின் உயரம். பழைய படகுகளில் மோட்டாரைப் பின்பலகையில் ஆகக் கீழ் ஓட்டையில் மாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். புரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக இருக்கும் தகட்டை மெக்கானிக்குகள் கேவிடேஷன் பிளேட் என்பார்கள். அது படகின் அடிக்கோட்டுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் கீழே கிடந்தால் கியர் பெட்டி அவ்வளவும் தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும். ஒரு ஓட்டைதான் ஏற்ற வேண்டும் (பெரும்பாலும் முக்கால் அங்குல இடைவெளி). ஏற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். வளைவில் மோட்டார் திடீரென்று அலறி, வேகம் விழுந்தால் புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது என்று பொருள். ஒரு ஓட்டை இறக்கிவிடுங்கள். குளிர்விக்கும் தண்ணீர் ஒழுங்காகப் பீய்ச்சுகிறதா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். உயரம் கூடியதில் தண்ணீர் நின்றால் மோட்டார் போய்விடும்.

இனி அணியம் குதிப்பது. ட்ரிம்மை, அதாவது மோட்டாரின் சாய்வை, படகுப் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் நின்றுவிடுகிறதா? நின்றால் நீங்கள் அளவுக்கு மேல் வெளியே தள்ளி ஓட்டுகிறீர்கள். கிளம்பும்போது முழுக்க உள்ளே, படகு எழும்பியதும் மெல்ல வெளியே, குதிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே: நேராக ஓடுவதற்கு அந்த இடம்தான் சரி. வளைவுக்கு முன் இன்னும் சற்று உள்ளே. அதற்காக வேகத்தில் முழுசாக உள்ளே இழுத்துவிடாதீர்கள். அணியம் தண்ணீரைக் கடித்து, படகு ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும். ஆள் வெளியே தெறிப்பது அப்படித்தான். கில் சுவிட்ச் (ஆள் விழுந்தால் மோட்டாரை அணைப்பது) கயிறு உடம்பில் மாட்டியிருக்கட்டும், லைஃப் ஜாக்கெட்டும்தான்.

ட்ரிம் உள்ளே இருந்தும் குதித்தால் பாரத்தைப் பாருங்கள். 35 லிட்டர் பெட்ரோல் கேன் இரண்டு, பேட்டரி, நங்கூரம் எல்லாம் பின்னாலேயே கிடந்தால், பெட்ரோல் மட்டுமே 50 கிலோவுக்கு மேல். நகர்த்த முடிந்ததை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தளத்துக்கு அடியில் ஃபோம் இருந்தால் அது தண்ணீர் குடித்திருக்கிறதா என்று ஒரு துளை போட்டாவது பார்ப்பது நல்லது. பழைய படகில் யாரும் கணக்கில் எடுக்காத கனம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நம் கரையில் இதைவிட முக்கியமாக நான் சந்தேகப்படுவது அடிப்பகுதியைத்தான். மணலில் இழுத்து ஏற்றி இறக்கிய படகா என்று விற்றவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் கடைசி ஒன்றரை மீட்டரைக் கவனமாகச் சோதிக்க வேண்டும். நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை நீளவாக்கில் அடியில் வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அடி உள்வாங்கியிருக்கிறது. அது அணியத்தைக் கீழே அமுக்கி வேகத்தைத் தின்னும். சட்டம் நடுவில் முட்டி முனைகளில் ஆடினால் அடி புடைத்திருக்கிறது. குதிப்பது அதனாலேயே இருக்கலாம். பின்பலகையின் கீழ் விளிம்பும் பக்க விளிம்புகளும் கூராக இருக்க வேண்டும். மணல் அரைத்து அவை உருண்டிருந்தால் தண்ணீர் பிய்ந்து போகாமல் படகோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். எப்பாக்ஸி நிரப்பி, தேய்த்து, விளிம்பை மறுபடி கூராக்க உள்ளூர் ஃபைபர் வேலைக்காரரே போதும். என்னைக் கேட்டால் புதுப் புரொப்பல்லருக்கு முன்பே இந்தக் காசைச் செலவழிக்கலாம். பாசியும் ஒட்டுச்சிப்பியும் இருந்தால் சுரண்டி எடுப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுப்பதற்கு மருந்து சின்னது. கேவிடேஷன் பிளேட்டுக்கு அடியில் புரொப்பல்லருக்குப் பின்னால் ஒரு சிறிய துடுப்பு தொங்கும். அதன் போல்ட்டைத் தளர்த்தி, பின்முனையை இழுக்கிற பக்கத்துக்கே, அதாவது வலப்பக்கம், கொஞ்சம் திருப்பி முடுக்குங்கள். எதிர்ப்பக்கம் திருப்புபவர்கள் உண்டு. அப்போது இழுப்பு கூடிவிடும். பல மோட்டார்களில் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் உலோகமும் அதுவே, ஆகவே பெயிண்ட் அடிக்காதீர்கள். அப்புறம், மோட்டாரைக் கையால் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் சக்கரம் அசையாமல் மோட்டார் மட்டும் ஆடினால் கேபிளோ இணைப்போ தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் வேகத்தைக் கூட்டுவது ஆபத்து.

இத்தனைக்குப் பிறகும் ஆர்.பி.எம். ஏறவில்லை என்றால் எரிபொருளைப் பாருங்கள். பல அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன. பெட்ரோல் பங்க்கில் இப்போது கிடைப்பதோ 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்காற்றில் நாள்பட்டால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். கேனில் பெட்ரோலை வாரக்கணக்கில் வைக்காதீர்கள்.

சோதனை ஓட்டத்தைக் கடற்காற்று எழும்புவதற்கு முன், காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதே பாரம், போகவும் வரவும் ஓட்டிச் சராசரி. வலையும் கட்டுமரமும் இல்லாத இடமாகப் பாருங்கள். கள்ளக்கடல் (காற்றில்லாமலே திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கை உள்ள நாளில் இறக்கவே வேண்டாம். தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் அலை எவ்வளவு உயிர்களை வாங்கியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும், அந்தப் பக்கம் வேகம் பார்க்கப் போகாதீர்கள்.

சரி, 150 எச்.பி. கேள்வி. இந்த வகைப் படகில் வேகம் சக்தியின் நேர் விகிதத்தில் கூடாது, ஏறத்தாழ அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 115-லிருந்து 150 என்றால் சக்தி 30 சதவீதம் அதிகம், வேகம் 14 சதவீதம்தான், அதாவது சுமார் 4 நாட். புது மோட்டாரின் கூடுதல் எடை அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். எடையைப் பத்து சதவீதம் குறைத்தாலே காசில்லாமல் ஒன்றரை நாட் வருகிறது. உங்கள் படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதிகபட்சம் 115 என்று இருந்தால், பின்பலகை 150-ஐத் தாங்குமா என்ற பேச்சுக்கே இடமில்லை. தகடே இல்லையென்றால் படகு கட்டிய பட்டறையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.