பெயிண்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கேள்வி: வேலூர் கொசப்பேட்டையில் 60 வருடப் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தேக்கு உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ், பின்கட்டில் கிணறு. பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார். இப்போதுதான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது. குடிபோனால் பயமில்லாமல் இருக்கலாமா, எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: அந்தப் புதுப் பெயிண்ட்தான் எனக்குக் கவலை தருகிறது. ஓதம், உப்பு, விரிசல் எல்லாமே ஒரு பட்டி, இரண்டு கோட்டுக்குள் மறைந்துவிடும். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்களே, அதை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போய் வீட்டைப் பாருங்கள்.

முதலில் அண்ணாந்து பாருங்கள். மெட்ராஸ் டெரஸில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மர உத்தரத்தின் மேல்தான் நிற்கின்றன. உத்தரத்தின் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் நுழையும் முனைதான் ஈரம் குடித்து முதலில் கெடும், கரையானும் அங்கிருந்தே ஏறும். ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூ டிரைவரால் அந்த முனையைக் குத்திப் பாருங்கள். குடியாத்தத்தில் என் சித்தப்பா வாங்க இருந்த வீட்டில் அப்படிக் குத்தியபோது கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது, மாவு மாதிரித் தூள் கொட்டியது. மேலே பளபளவென்று வார்னிஷ்!

மொட்டை மாடியில் தண்ணீர் கட்டி ஒழுகல் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கான்கிரீட் தளத்துக்குச் செய்கிற சோதனை அது. 10-க்கு 12 அடி அறையின் மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றாலே சுமார் 280 கிலோ. உளுத்த உத்தரம் அதைத் தாங்காது. அதே மாதிரி, மேலே 1000 லிட்டர் டேங்க் இருந்தால், நிறைந்திருக்கும்போது ஒரு டன். அது சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறதா, நடு அறைக்கு மேலேயா என்று பாருங்கள். நடு அறை என்றால் உடனே இடம் மாற்ற வேண்டும்.

சுவரில் தலைமுடி விரிசல் பரவாயில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவு இருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். புரோக்கர் கூட்டி வருகிற மேஸ்திரியிடம் கேட்காமல், நீங்களே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயருக்குக் கூலி கொடுத்துக் காட்டுங்கள்.

அப்புறம் வயரிங். மர ரீப்பரில் ஓடுகிற பழைய வயர், பீங்கான் ஃபியூஸ் என்றால் மொத்தமும் மாற்ற வேண்டியதுதான், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எர்த் இருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போடாமல் கீசர் மாட்டாதீர்கள்.

கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அளந்துவிட்டு, தண்ணீரை லேபில் கொடுங்கள். கிணற்றை மூடியிருக்கும் பலகைமேல் மட்டும் ஏறி நிற்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். குடிபோகும் முன் அங்கே இரும்புக் கம்பி வலை போட்டாக வேண்டும்.