16 வயசு தம்பிக்கு கீமோவுக்கு முன்னாடி விந்து சேமிக்கணுமா?

தம்பிக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா (நிணநீர் மண்டலத்துல வர்ற புற்றுநோய்), அடுத்த வாரம் கீமோ, டாக்டர் இதைச் சொல்றார், வீட்ல எல்லாரும் கூச்சப்படறாங்கன்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா, பண்ணிடுங்க, ஆனா முதல் டோஸுக்கு முன்னாடியே.

ஏபிவிடின்னா (இந்த நோய்க்கு வழக்கமா சேர்த்துக் குடுக்கற நாலு கீமோ மருந்து) விந்தணு உற்பத்தி நிரந்தரமா பாதிக்கற ஆபத்து கம்மிதான், நிறைய பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள விந்தணு திரும்ப வந்துடும். ஆனா நோய் திரும்ப வந்து ஸ்டெம் செல் மாற்று (ரத்தம் உண்டாக்கற செல்களை ஏத்தற சிகிச்சை) வரைக்கும் போச்சுன்னா, அதுக்குக் குடுக்கற ஹை டோஸ் கீமோவில் விந்தணு உற்பத்தி நிரந்தரமாவே நின்னு போக வாய்ப்பு அதிகம், அப்போ யோசிச்சுப் பிரயோஜனமில்ல.

வேலை சின்னதுதான். லேப்ல தனி ரூம், ஒரு பிளாஸ்டிக் கப், அவ்ளோதான். முடிஞ்சா ரெண்டு மூணு சாம்பிள். மைனஸ் 196 டிகிரில திரவ நைட்ரஜன்ல வெச்சுடுவாங்க. இங்கிலாந்துல 1979ல ஒரு 17 வயசுப் பையன், விதைப்பை புற்றுநோய் சிகிச்சைக்கு முன்னாடி சேமிச்சதுல 2002ல குழந்தை பொறந்துது.

கையெழுத்து பெத்தவங்க போடுவாங்க, ஆனா முடிவு அவனோடதா இருக்கணும். அம்மா அப்பாவ வெளிய அனுப்பிட்டு டாக்டர தனியா அவன்கிட்ட பேசச் சொல்லுங்க. அப்பா அந்த ரூம் கதவுக்கு வெளிய சேர் போட்டு உக்காரவே கூடாது (சிரிக்காதீங்க, இதனாலயே சாம்பிள் குடுக்க முடியாம திரும்பற பசங்க உண்டு). வரலன்னா மயக்கம் குடுத்து விதைப்பைலேர்ந்து ஊசி மூலமா எடுக்கவும் வழி இருக்கு. சாம்பிளை வெச்சிருக்கற வாடகை எவ்ளோ, வருஷா வருஷம் கட்டணுமான்னு முதல்லயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.