பிரிட்டனில் 2019-ல் ராணி ஒப்புதல் தந்த பிறகும் நாடாளுமன்ற முடக்கத்தை (கூட்டத்தொடரை முடித்து அவையை மூடிவைப்பதை) நீதிமன்றம் எப்படி ரத்து செய்தது?

ராணி ஒப்புதல் தந்தாலும், அது பிரதமரின் ஆலோசனைப்படி நடப்பதுதான். வழக்கு அந்த ஆலோசனையின் மேல்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறும் பிரெக்ஸிட்டுக்கு 2019 அக்டோபர் 31 கெடு. அதற்கு முன் நாடாளுமன்றத்தை அக்டோபர் 14 வரை, சுமார் ஐந்து வாரம், முடக்கிவைக்க அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் ராணிக்கு ஆலோசனை சொன்னார். வழக்கமாக இப்படி முடக்குவது சில நாட்களுக்குத்தான். இது அரசியல் விவகாரம், தலையிட முடியாது என்றது லண்டன் உயர் நீதிமன்றம். ஸ்காட்லாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமோ சட்டவிரோதம் என்றது. சரி, இரண்டில் எது? உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளும் செப்டம்பர் 24 அன்று ஒருமனதாகச் சொன்ன பதில்: சட்டவிரோதம்.

பிரதமரின் உள்நோக்கத்தை அவர்கள் தோண்டவே இல்லை. எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் அதுதான். நாடாளுமன்றம் தன் வேலையைச் செய்வதைத் தக்க காரணமின்றித் தடுத்தால், அந்த முடக்கத்துக்கு அதிகாரமே கிடையாது என்றார்கள். இத்தனை நீண்ட முடக்கத்துக்கு அரசு தக்க காரணம் எதையும் காட்டவில்லை. அதனால் முடக்கத்தை அறிவிக்கும் ராணியின் ஆணையர்கள் வெற்றுத்தாளுடன் அவைக்குள் வந்ததற்குச் சமம் என்றார் உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைவர் ஹேல். அதாவது, நாடாளுமன்றம் முடக்கப்படவே இல்லை! மறுநாளே அவை கூடியது.